மெழுகுதிரி திருநாள் வரைக்கும்

எங்க அண்ணன் ஒரு கோட்டிக்காரப் பய, சுத்தக் கிறுக்கன். செத்துப்போனவனை இப்படிப் பேசலாமான்னு யாரும் எங்கிட்ட வர வேண்டாம். உசுரோட இருந்தப்பவே மூஞ்சிக்கு நேரா சொன்னவதான் நான். அப்பல்லாம் அவன் சிரிப்பான். "ஏட்டி, கோட்டிக்காரனுக்குத் தங்கச்சின்னா நீ யாருட்டி?"ன்னு திருப்பிக் கேப்பான். அவன்கிட்ட வாய் குடுத்து ஜெயிச்சவங்க எங்க குடும்பத்துலயும் கிடையாது, எங்க கோயில் பங்குலயும் கிடையாது.

எங்க அப்பா பட்டாளத்துல இருந்து வந்தப்ப ஒரு ரெக்கார்டு ப்ளேயரும் கொஞ்சம் ப்ளேட்டும் கொண்டு வந்தாரு. அதுல ஒண்ணு கிறிஸ்மஸ் காமெடி. ஏதோ ஒரு நாடகக் கோஷ்டி அந்தக் காலத்துல பேசிப் பதிஞ்சது. அட்டையை என்னைக்கோ கரையான் தின்னுருச்சு, பேசுனது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு இடையனுங்க. சம்மனசு, அதான் தேவதூதன், வந்து பாலன் இயேசு பொறந்திருக்காருன்னு சொல்லிட்டுப் போயிரும். காணிக்கையா ஒரு ஆட்டுக்குட்டி கொண்டு போகணும். உன் குட்டியைக் கொண்டு போவோம்பான் இவன். உன் குட்டிதான் கொழுகொழுன்னு இருக்கும்பான் அவன். சண்டை போட்டு, சமாதானம் ஆகி, வழியில கஞ்சி குடிச்சு, தூங்கி எந்திரிச்சு, மறுபடி சண்டை போட்டு, ஒருவழியா பெத்லகேமுக்கு வந்து சேந்தா தொழுவம் காலியா கெடக்கும். பிள்ளையைத் தூக்கிட்டு எகிப்துக்குப் போயி எம்புட்டு நாளாச்சும்பான் சத்திரக்காரன். அம்புட்டுத்தான் கதை.

அதனாலதான் அது கிறிஸ்மஸ் குடிலைப் பிரிக்கிற அன்னைக்குன்னே வச்சிருந்த ப்ளேட்டு. மத்த ஊர்ல ஜனவரி ஆறாம் தேதி மூணு ராசாக்கள் திருநாளோட குடிலைப் பிரிச்சிருவாக. இராஜபாளையத்துல எங்க பங்குல மட்டும் பழைய வழக்கம், பிப்ரவரி ரெண்டாம் தேதி மெழுகுதிரி திருநாள் வரைக்கும் குடில் நிக்கும். வைக்கோல் காஞ்சு உதிர்ந்து, எலி ஒண்ணு ரெண்டு குடித்தனம் பண்ணி, பாக்கவே பரிதாபமா இருக்கும், ஆனா நிக்கும். அன்னைக்கு சாயங்காலப் பூசையில வீட்டுக்கு வேண்டிய மெழுகுதிரியெல்லாம் மந்திரிப்பாக. பூசை முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா வந்து பாலன் சுரூபத்தைக் கடைசியா முத்தி செய்வோம், முத்தம் குடுக்கிறதைத்தான் அப்படிச் சொல்லுவோம். பொறவு சுரூபங்களை வைக்கோல்ல பொதிஞ்சு பெட்டிக்குள்ள வைப்பாக. அது நடக்கும்போதுதான் கோயில் முன்னால எங்க அண்ணன் அந்த ப்ளேட்டைப் போடுவான். மறுநாள் மூணாம் தேதி பிளேசியார் திருநாள். முதநாள் மந்திரிச்ச திரி ரெண்டைக் குறுக்க வச்சு சாமியார் ஆளாளுக்குத் தொண்டையில பிடிப்பாரு, தொண்டை நோவு வராம இருக்க. அதோட எங்களுக்குக் கிறிஸ்மஸ் முடிஞ்சது.

ப்ளேட்டுல ரெண்டாவது பக்கத்துக்கு நடுவுல ஒரு கீறல் விழுந்துபோச்சு. இடையனுங்க கஞ்சிக் கலயத்தை எடுக்கிற இடத்துல முள்ளு மாட்டிக்கிட்டு ஒரே வார்த்தையைச் சுத்திச் சுத்திச் சொல்லும். முதல் தடவை அப்படி ஆனப்ப அண்ணன் முள்ளைத் தூக்கிட்டு, மைக்கைப் பிடிச்சு, மிச்சத்தை ரெண்டு குரல்லயும் தானே பேசி, சரியா கீறல் முடியுற இடத்துல முள்ளைத் திரும்ப வச்சான். சனங்க கை தட்டுன தட்டு! அன்னையில இருந்து அதுதான் வழக்கம். வருசத்துக்கு வருசம் அவன் பேசுற பாகம் நீண்டுக்கிட்டே போச்சு. இடையனுங்க வாயாலயே பங்குல உள்ளவங்களை வம்புக்கு இழுப்பான். பிரசங்கத்துல தூங்குனவரு, பாட்டுக் கோஷ்டியில சுதி பிசகுனவ, ஒருத்தரையும் விட மாட்டான். தன் பேரை இழுக்காம விட்டுட்டான்னு அவன்மேல கோவிச்சுக்கிட்டவங்க உண்டு. ஒரு சின்ன வயசு சாமியார் அந்த ப்ளேட்டை மெட்ராசுக்கு அனுப்பி, கீறலை எல்லாம் சரி பண்ணி பென் டிரைவுல ஏத்திக் கொண்டு வந்தாரு. அண்ணன் அதை வாங்கிப் பாத்துட்டு, "சாமி, இதுல நான் எங்க இருக்கேன்?"னு கேட்டான். அவரும் சிரிச்சுக்கிட்டே பைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

அவனுக்கு மில்லுல ஃபிட்டர் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசுற தொண்டை. அது போதாதுன்னு பீடி. குரல் கம்ம ஆரம்பிச்சப்ப பஞ்சுத் தூசிம்பான், பனிம்பான். போன வருசத்துக்கு முந்தின வருசம் டிசம்பர் பொறக்கவும் குரல் பாதி ஆயிருச்சு. எங்க மதினி, அதாவது அவன் பொண்டாட்டி, ஒருநாள் எனக்குப் போன் பண்ணுனா. மம்சாபுரத்துக்காரி, வாய் செத்தவ, போன்ல எங்கிட்ட அஞ்சு வார்த்தைக்கு மேல பேசுனதில்ல. "அவிய துப்புறதுல ரத்தம் இருக்கு தாயி"ன்னா. நான் வாக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயி, மதினியையும் கூட்டிக்கிட்டு, அவனை இழுத்துக்கிட்டு மதுரைக்குப் போனேன்.

மதுரை டாக்டர் நல்ல மனுசன். சதையில கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பாத்துட்டு, உக்கார வச்சுப் பொறுமையா சொன்னாரு. குரல்வளையில புற்று. இப்ப அங்கன மட்டுந்தான் இருக்கு. குரல்வளையை எடுத்துட்டா ஆளைக் காப்பாத்திரலாம். பேச்சு போயிரும், கழுத்துல ஒரு ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விடணும், ஆனா பேரன் பேத்தி எடுக்கலாம். உடனே வந்து சேருங்கன்னாரு. அதுவரைக்கும் குரலுக்கு வேலை குடுக்காதீங்கன்னும் சொன்னாரு.

அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். வெளிய வந்து டீக்கடையில வச்சு, "பிப்ரவரி நாலாம் தேதி வருவோம்"னான். எனக்கு முதல்ல புரியல. பொறவு புரிஞ்சது பாருங்க, கையில இருந்த டீயை அவன் தலையில ஊத்தலாமான்னு வந்துச்சு. "அண்ணே, அந்தக் கீறல் விழுந்த ப்ளேட்டுக்காகவா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னு ரோட்டுல நின்னு கத்துனேன். அவன் குசுகுசுன்னு, "ஏட்டி, ஆப்பரேசனுக்குப் பொறவு எனக்கு எந்த வருசமும் இல்லைல்லா. ஒரே ஒரு தடவை. ரெண்டு மாசம்தானே"ன்னான். மதினி டீயை ஆத்திக்கிட்டே இருந்தா.

சாமியார்கிட்டப் போயி முறையிட்டேன். அவரு வீட்டுக்கே வந்து, "நீங்க இல்லாட்டியும் குடிலைப் பிரிப்போம், முதல்ல உசுரைப் பாருங்க"ன்னு கண்டிச்சே சொன்னாரு. அவரு சொல்லி என்ன, அவரு போனதும், கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார் வந்து உக்காந்துக்கிட்டாரு. வயசான மனுசன், அண்ணன்மேல உசுரு. "சாமி சின்னப்பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்? தொண்டைக்குன்னே ஒரு புனிதரு இருக்கும்போது கத்தியைத் தேடி ஓடுவாகளா? மூணாம் தேதி திரி வச்சிட்டுப் போ. ஒருவேளை கத்தியே வேண்டாம்னு ஆயிரும்"னாரு. நான் அடுப்படியில இருந்து வந்தேன். "அண்ணாச்சி, உங்களுக்கு கேட்ராக்ட் வந்தப்ப கண்ணுக்குன்னு இருக்கிற புனிதைகிட்டப் போனீகளா, கண்ணாஸ்பத்திரிக்குப் போனீகளா?"ன்னு கேட்டுட்டேன். அவருக்கு மொகம் செத்துப்போச்சு. அண்ணன் என்னைப் பாத்து ஒதட்டுல விரலை வச்சான். செவிடன் காதுல சங்கு ஊதுன கதைதான்.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. குரலுக்கு வேலை குடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா, அதை மட்டும் அப்படியே பிடிச்சுக்கிட்டான். வீட்டுல வாயே திறக்கிறதில்ல. தண்ணி வேணும்னா கை, சோறு வேணும்னா கை. எதுக்கு? பிப்ரவரி ரெண்டாம் தேதி பேசணுமே, அதுக்கு. கிறிஸ்மசுக்கு நான் போனப்ப வீடே கல்லறை கணக்கா இருந்துச்சு. மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்த மதினி எங்கிட்ட மெதுவா சொன்னா. "ஆப்பரேசன் எப்பம்னாலும் நடக்கட்டும் தாயி, அதுல எனக்கு அறிவு பத்தாது. குரல் போறதுக்கு முன்னால எங்கிட்ட செத்த நேரம் உக்காந்து பேசுனாவன்னாப் போதும்னு இருக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவிய பேசுனதை எல்லாம் நான் கூட்டத்தோட கூட்டமாத்தான் கேட்டிருக்கேன்."

அவ சொன்னதை நான் நேராப் போயி அவன்கிட்டச் சொன்னேன். வீட்டுக்கு மௌன விரதம், கோயிலுக்குக் கச்சேரியாடா அண்ணேன்னு கேட்டேன். அவன் எந்திரிச்சுப் போயி, மாவுக்கையா இருந்த மதினி தலையில கை வச்சு, காத்து மாதிரி ஒரு குரல்ல, "பேசலாம் பேசலாம், திருநாள் முடியட்டும். ஒரு ராத்திரி பூரா பேசுவோம்"னான். மதினி சிரிச்சா. அம்புட்டு சந்தோசமா அவ சிரிச்சு நான் பாத்ததில்ல.

அந்த மெழுகுதிரி திருநாளுக்கு நானும் போயிருந்தேன். போகக்கூடாதுன்னு வீராப்பாத்தான் இருந்தேன், கால் கேக்கலையே. சேதி ஊருக்கே தெரிஞ்சிருந்ததால கோயில் முன்னால என்னைக்கும் இல்லாத கூட்டம். வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போனவளுகெல்லாம் வந்திருந்தாளுக. பாலனை முத்தி செஞ்சு முடிச்சு, சுரூபங்களை ஒண்ணொண்ணா பெட்டியில இறக்க இறக்க, ப்ளேட்டு ஓடிச்சு. கீறல் வந்துச்சு. அண்ணன் முள்ளைத் தூக்கிட்டு மைக்கை எடுத்தான்.

வந்தது மனுசக் குரலே இல்ல. தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சனம் ஒரு நொடி திகைச்சது, பொறவு வெடிச்சுச் சிரிச்சது. புதுசா ஒரு குரல் போட்டிருக்கான்னு நெனச்சுக்கிட்டாக போல. அவனும் விடல. கஞ்சிக் கலயத்தைப் பிடிச்சுக்கிட்டு அவனைச் சொல்லுதான், இவனைச் சொல்லுதான். உபதேசியாரு காணிக்கை ஆட்டுக்குட்டியை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனதா ஒரு போடு போட்டான், அவரு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. பொறவு என் பக்கம் வந்தான். பால்கோவா ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவ வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கா, இவளைக் காணிக்கையாக் குடுத்துருவோமா, ஆனா இவ வாய்க்குப் பயந்து பாலன் இன்னும் தூரமா ஓடிருவாரேன்னான். நானும் சிரிச்சேன். சிரிப்பு வந்துச்சே, என்ன செய்ய? இடையில இடையில துண்டால வாயைத் துடைச்சுக்கிட்டான். அந்தத் துண்டைப் பாத்தது பக்கத்துல நின்ன எனக்கும் மதினிக்கும் மட்டும்தான். அவ சிரிக்கல. அவன் தொண்டை ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு நின்னா. அன்னைக்கு அவன் பேசுன மாதிரி எந்த வருசமும் பேசுனதில்ல. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வம்பிழுத்தான். பொண்டாட்டியை மட்டும் ஒண்ணும் சொல்லல. என்னைக்குமே சொன்னதில்ல.

வீட்டுக்கு வரும்போதே அந்தக் குரலும் போச்சு. விடிஞ்சு எந்திரிச்சவன் வாயைத் திறந்து திறந்து மூடுதான், காத்துக்கூட வரல. மதினி சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்தா, உப்புத்தண்ணி வச்சுக் குடுத்தா. அந்த நிலையிலயே கோயிலுக்குப் போனான். சாமியார் திரி ரெண்டையும் அவன் தொண்டையில குறுக்க வச்சு மந்திரிச்சாரு. உபதேசியார் பக்கத்துல முழங்கால்ல நின்னு மாரடிச்சு வேண்டிக்கிட்டு இருந்தாரு. அவரு அழுகையைப் பாத்தப்ப எனக்கு அவரைத் திட்டக்கூட வாய் வரல.

நாலாம் தேதி காலையில கார் பிடிச்சு மதுரைக்குக் கிளம்புனோம். ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாக. நான் முன்னால, அவங்க ரெண்டு பேரும் பின்னால. கிருஷ்ணன்கோவில் தாண்டி கொஞ்ச தூரத்துல, மதினி "என்ன? என்ன வேணும்?"னு கேக்குற சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன். அண்ணன் அவ கையைப் பிடிச்சிருந்தான். என்னமோ சொல்லுதான். ஒதடு அசையுது, சத்தம் இல்ல. அவ காதை அவன் வாய்கிட்டக் கொண்டு போனா. "கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா. அவன் முக்கி முக்கிச் சொன்னான். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிச்சு, இருமல் வந்துருச்சு, ரத்தம் வந்துருச்சு. "போதும் போதும், பொறவு சொல்லலாம்"னு அவ நெஞ்சை நீவி விட்டா. அவன் ஜன்னல் கண்ணாடிப் பக்கமாத் திரும்பிக்கிட்டான். திருமங்கலம் வர்ற வரைக்கும் திரும்பவே இல்ல.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பாத்ததுமே கையை எடுத்துட்டாரு. ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருந்துச்சு. ஸ்கேன்ல நுரையீரல்லயும் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சது. "டிசம்பர்லயே சொன்னேனேம்மா"ன்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு, நான்தான் நிப்பாட்டி வச்ச மாதிரி. மூச்சு அடைச்சிரும்ங்கிறதால குரல்வளையை எடுத்தே ஆகணும்னு எடுத்தாக. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதை.

பொறவு ஒரு ஒம்பது மாசம் இருந்தான். அதை இருந்தான்னு சொல்லுறதா என்னன்னு தெரியல. மூக்குல கஞ்சிக் குழாய், கழுத்துல மூச்சுக் குழாய், அது மேல நம்ம ஊருப் பக்கம் நெய்யுற பேண்டேஜ் துணி. ஊருக்கெல்லாம் அனுப்புற துணி, எங்க வீட்டுல துவைச்சுக் காயப்போட்டது போக மிச்சம் இருக்காது. தெம்பு இருந்த நாள்ல மதினி பக்கத்துல உக்காந்து கேப்பா, "அன்னைக்குக் கார்ல என்ன சொல்ல வந்தீங்க?" பேனாவும் பேப்பரும் கொடுத்தா. அவனுக்கு எழுதத் தெரியும், நல்லாவே எழுதுவான், மருந்து பேரு, தண்ணி, வெக்கைன்னு எழுதிக் காட்டுனவன்தான். இதுக்கு மட்டும் பேனாவைத் தள்ளி விட்டுருவான். ஒண்ணுமில்லங்கிற மாதிரி கையை ஆட்டுவான். நானும் கேட்டுப் பாத்தேன். என்னைப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டான். அடைமழைக் காலத்துல, பகல்ல, மதினி அவன் கழுத்துத் துணியை மாத்திக்கிட்டு இருக்கும்போதே போயிட்டான்.

அடக்கத்துக்கு வந்த கூட்டம் தெருக்கொள்ளல. எல்லாரும் எங்களைச் சிரிக்க வச்ச மனுசன், சிரிக்க வச்ச மனுசன்னுதான் சொல்லி அழுதாக. மதினி ஒவ்வொருத்தருக்கும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தா. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. போங்கய்யா, உங்களுக்காவது குரலை மிச்சம் வச்சானேன்னு கத்தணும்போல இருந்துச்சு, கத்தல.

இந்தக் கோடையில ஒருநாள் மதினி வாரிசு சர்டிபிகேட்டுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு ஆபீசுக்கு வந்தா. கையெழுத்துப் போடுற ஆபீசர் சாப்பாட்டுக்குப் போயிட்டாருன்னு எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தா. நான் அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். அவளும் ஒரு கை எடுத்து நார் உரிக்க ஆரம்பிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, வழக்கம் போல, "அவிய அன்னைக்கு என்ன சொல்ல வந்திருப்பாவ தாயி?"ன்னா.

இது எத்தனையாவது தடவைன்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் ஒண்ணு சொல்லுவேன். உன்னை நல்லாப் பாத்துக்கன்னு சொல்லியிருப்பான், மன்னிச்சிருன்னு சொல்லியிருப்பான்னு. எதுவும் அவளுக்குப் பிடிபட்டதில்ல, "அப்படியா?"ன்னு கேட்டுட்டு விட்டுருவா. அன்னைக்கு வெயில், அடுப்பு, ஆபீஸ்காரன் மேல உள்ள எரிச்சல், செத்தவன் மேல இன்னும் தீராத கோவம். வாய் முந்திருச்சு. "என்னத்தச் சொல்லப் போறான்? பசிக்குதுன்னு சொல்லியிருப்பான், அந்தத் தீனிப்பண்டாரம்"னேன். அவ சிரிப்பான்னுதான் சொன்னேன்.

அவ உரிக்கிறதை நிப்பாட்டிட்டு என்னை நிமிந்து பாத்தா. எதையோ கணக்குப் போடுற மாதிரி கண்ணு அப்படியே நின்னுருச்சு.

"ஆமா"ன்னா. "வெறும் வயித்தோட வரச் சொன்னாகல்லா. முதநாளும் ஒண்ணும் இறங்கல அவியளுக்கு. பசிதான் தாயி. பசிதான் அது. நான் பாவி, பொறவு சொல்லலாம்னுட்டேனே."

"ஏ மதினி, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்"னேன்.

"இல்ல இல்ல, இதுதான் சரி"ன்னுட்டு அவரைக்காயைத் திரும்பக் கையில எடுத்தா. அதுக்குப் பொறவு அவ எங்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கிறதே இல்ல.